ஆற்றிக் கொடுத்த டின்

செவ்வாய், இரவு.

சர்க்கரை வந்ததிலிருந்து பட்டறையில் மாலை டீக்கு நான் போவதில்லை. இன்று பக்கத்து லேத்தில் நிற்கும் முருகேசன், சர்க்கரையில்லாத எனர்ஜி டிரிங்க் இரண்டு டின் வாங்கி வந்துவிட்டான். "எது நல்லா கீதுன்னு நீயே சொல்லு மாமே" என்றான். சொன்னவன், டீ ஆற்றுகிற பழக்கத்தில் டம்ளருக்கு டம்ளர் தூக்கி ஆற்றிக் கொடுத்தான், மடையன். கேஸ் எல்லாம் போய்விட்டது. பிறகு என்னத்தை ருசி பார்ப்பது? ஒன்று பரவாயில்லை. இன்னொன்று அசல் இருமல் மருந்து.

"நீ டீக்குப் போவலியா?" என்று கேட்டேன்.

"நீ இல்லாம அங்க இன்னாத்துக்கு நிக்கறது?" என்று சொல்லிவிட்டு, அந்த இருமல் மருந்து முழுவதையும் அவனே குடித்து முடித்தான்.

இன்னும் தூக்கம் வரவில்லை. டின் வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.