எல்லைக்கோட்டின் மேல் ஒரு வீடு

அன்புள்ள அக்கா,

தூர்கெல் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்ட அன்று நான் சரியென்று சொல்லவில்லை. மணமான பெண் இங்கே அமெரிக்காவின் டகோட்டாவில், அரசு இலவசமாகத் தரும் நிலத்தைத் தன் பெயரில் பதிய முடியாது. நார்வேயில் அப்பாவின் நிலமெல்லாம் அண்ணனுக்குப் போனதை நீ மறந்திருக்கமாட்டாய்.

என் பெயரில் நிலத்தைப் பதிந்துவிட்டு ஓடிவந்து அவனிடம் சொன்னேன்.

"அதுக்குத்தான் வாயையே திறக்கலையா? வேற எவனோன்னு நெனச்சேன்."

"உன் பக்கத்து நிலம்தான், மடையா. இப்பக் கேளு."

அவரவர் நிலத்தில் அவரவர் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து, புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி, எங்கள் இரண்டு நிலங்களின் எல்லைக்கோட்டின் மேலேயே வீடு எழுப்பினார்கள்.

"தூக்கத்துல உருண்டா நிலம் போயிடும், தம்பி" என்று அவனைச் சீண்டினாள் பக்கத்து நிலத்து இங்கபோர்.

ஞாயிறன்று மணம் முடிந்தது. கட்டிலில் பாதி என் நிலத்தில் இருக்கிறது.

உன் தங்கை