அருகனுக்கு ஊட்டிய கீரை

மேல்சித்தாமூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி அஜித்நாதனுக்கு,

அக்கா ஆசிகளுடன் எழுதுவது. மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. போனில் பேசலாம்தான், உன் பெண்டாட்டி ஜினப்பிரியா என்னை விட்டு நகருவதில்லை, நீயும் "டூட்டி இருக்குதுக்கா" என்று வைத்துவிடுகிற ஆள். அதனால் லீவு முடிந்து திரும்பும் காமராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் குழந்தை. ஜினிஷாவுக்கு ஒரு மாதமாக வயிற்றுப்போக்கு வருவதும் நிற்பதுமாக இருந்தது. போன வாரம் விரல்கள் துடித்து, கை மடங்கி இழுத்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு செஞ்சிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, மக்னீசியம் என்கிற சத்து மிகவும் குறைந்துவிட்டது என்றார். ஊசியில் ஏற்றியதும் இழுப்பு நின்றது. வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மருந்தோடு கீரை, பயறு, கேழ்வரகு, வேர்க்கடலை, அதுதான் நம் மல்லாட்டை, எல்லாம் பழக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அடுத்த முறை வலிப்பாகவே வரலாமாம்.

என்னதான் கொடுக்கிறாய் என்று அவர் உன் பெண்டாட்டியைக் கேட்டார். நான்தான் சொன்னேன், வருஷம் பூராவும் வடித்த சோறும் ரசமும் என்று. இவளைக் கேட்டால் கீரையில் புழு இருக்குமாம், பயறில் வண்டு இருக்குமாம். மல்லாட்டைக் காட்டுக்கு நடுவே வாழ்ந்தும் ஒரு பருப்பு அந்தக் குழந்தை வாயில் பட்டதில்லை. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

உன் மூத்தவன் அருகன் தவறிய வருஷமே தோட்டத்து முருங்கையை வெட்டச் சொன்னாளே ஜினப்பிரியா, அந்த அடிமரம் இந்த மழைக்குத் துளிர்த்திருக்கிறது. விடிந்ததும் போய்த் துளிரைக் கிள்ளிப் போடுகிறாள். தடுத்தேன். "அவந்தான் கைய நீட்டுறான் அண்ணி, கீர கேக்குறான்" என்றாள். பொய் சொல்வானேன், தோட்டத்துப் பக்கம் போக எனக்கும் பயமாக இருக்கிறது. பொழுது சாயுமுன் சாப்பிட்டுப் பின்கதவைச் சாத்திவிடுகிறோம். ஜினிஷா அந்தக் கதவையே பார்த்து, "அண்ணனுக்குச் சோறு வச்சியாம்மா?" என்று கேட்கிறாள். அவள் பிறக்கும் முன்பே போனவன் அவன்.

அருகன் மூளைக்காய்ச்சலில் போனான். பெரிய ஆஸ்பத்திரியில் உன்னிடமே சொன்னார்கள். மழைக்கால விரதத்தில் கீரை தொடாதது பெரியவர்களுக்கான கட்டு; பச்சைப் பிள்ளைக்கு ஏது விரதம்? அவன் கேட்டான், பெற்றவள் ஊட்டினாள். பிள்ளையைக் கிடத்தியிருந்த இடத்தில் எல்லோர் எதிரிலும் நீ சொன்னாய்: "விரதத்துல கீரய ஊட்டி எம்புள்ளய முழுங்கிட்டியே." துக்கத்தில் சொன்னதுதான். ஊர் மறந்துவிட்டது, நீயும் மறந்திருப்பாய். அவள் அந்த வார்த்தையோடுதான் குடித்தனம் செய்கிறாள்.

நேற்று கீரையை மசித்து ஊட்டப் போனேன். குழந்தையை அணைத்து அதன் வாயைப் பொத்திக்கொண்டாள். "இவளையும் வாரிக் கொடுக்கச் சொல்றீங்களா அண்ணி? அவரு சொல்லட்டும்" என்றாள். டாக்டர் சொல்லும் மடத்துப் பெரியவர் சொல்லும் அவள் காதில் ஏறவில்லை.

ஆகையால் தம்பி, சத்துமாவு டப்பா எதுவும் அனுப்பாதே. படித்த கையோடு போன் போடு. எனக்கல்ல, அவளுக்கு. கீரை கொடு என்றால் மட்டும் போதாது. "அருகன நீ கொல்லல" என்று அவளிடம் உன் வாயால் சொல்.

அருகதேவன் உன்னை நன்றாக வைக்கட்டும். ஜினிஷாவுக்கு இன்றைக்கும் வெறும் சோறுதான்.

உன் அக்கா,
ஜெயமாலா