அரைத்த சோறு

கோத்தகிரி
6.1.2025

தம்பி கதிருக்கு அக்கா சாந்தாமணி எழுதுவது. நீயும் சசிகலாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். என் நம்பரை நீ பிளாக் செய்து மூன்று வருஷமாகிறது, அதனால்தான் கடிதம். கிழித்துப் போடாமல் படி சாமி.

உன் புது ஊட்டுப் பால்காய்ச்சுக்கு வந்தவள் கை நனைக்காமல் போனேன். உறவை முறித்துக்கொண்டு போனதாக நீ நினைத்தாய். எனக்கு அப்போதே சோறு தொண்டைக்குக் கீழே சிக்கும். பந்தியில் உன் மாமியார் வீட்டார் முன்னால் கக்கிவிடுவேனோ என்று பயந்து ஓடினேன். மனக்கவலை என்று டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள். நானும் நம்பினேன்.

இப்போது கோயம்புத்தூரில் ஸ்கேனில் கண்டுபிடித்துவிட்டார்கள். வலது கைக்குப் போகும் ரத்தக்குழாய் பிறவியிலேயே வழி மாறி, உணவுக்குழாய்க்குப் பின்னால் சுற்றிப் போகிறதாம். அதுதான் நெரிக்கிறது. அதை அறுத்து, கழுத்தில் ஓடும் குழாயோடு சேர்த்துத் தைப்பார்களாம். 21ஆம் தேதி ஆபரேஷன். "குரல் கம்மலாம், கை மரத்துப் போகலாம், ஆனா அபூர்வம்தானுங்க" என்றார் டாக்டர். தையல் மெஷினில் உட்கார்ந்தால் கத்திரி பிடிக்கும் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது தம்பி. ஸ்ரீமதி அப்பா இல்லாத பிள்ளை. அங்கே தனியாக நிற்பாள்.

உன் அக்கா
சாந்தாமணி

ஜெகதளா
11.1.2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, இப்போது கழுத்தை அறுக்கப் போகிறார்கள் என்று எழுதினால் நான் என்ன செய்வது? அன்றைக்கே என் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். சசிகலா படித்துவிட்டு அழுதாள். எனக்குக் கோபம் போகவில்லை. தேயிலைக் கொழுந்து ஏற்றும் வண்டியை விட்டுவிட்டு வர முடியுமா, தெரியாது.

கதிர்

கோயம்புத்தூர், ஆஸ்பத்திரி
21.1.2025

அக்கா,

உன்னை உள்ளே கொண்டுபோய் நாலு மணி நேரமாகிறது. சும்மா உட்கார முடியவில்லை, எழுதுகிறேன்.

நேற்று ஸ்ரீமதி போன் செய்தாள். "மாமா, பழைய ஸ்கேன் படம் ஊட்டுலயே இருக்குதுங்க, எடுத்தாந்து தர்றீங்களா?" என்றாள். உன் பக்கத்து வீட்டு ரஞ்சனியிடம் சாவி வாங்கித் திறந்தேன். பிரிட்ஜில் கிண்ணம் கிண்ணமாக அரைத்த சோறு. கடித்துத் தின்கிற பண்டம் ஒன்றுகூட அந்த ஊட்டில் இல்லை.

உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். ஒரு கிண்ணத்தை எடுத்து, நின்றபடியே விரலால் வழித்துத் தின்றேன். உப்புகூடச் சரியாக இல்லை அக்கா. இதைத்தானா இத்தனை நாளும் தின்றாய்?

ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். யார் யாரோ வருகிறார்கள்.

கதிர்

23.1.2025

தம்பி,

இன்னும் இரண்டு நாள் பேசக் கூடாதாம். வலது கையால்தான் எழுதுகிறேன், கோணல் என்று சிரிக்காதே. குரல் பழையபடி வருமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

நாளைக் காலையில் முதல் வாய்ச் சோறு தின்னலாம் என்றார் டாக்டர். கத்திக்குப் போனதைவிட இதற்குத்தான் பயமாக இருக்கிறது. இதுவும் சிக்கினால் நான் என்ன செய்வேன்?

உன் ஊட்டுச் சோறு கொண்டு வா. குழைய வடித்தால் போதும், அரைக்க வேண்டாம் என்று சசிகலாவிடம் சொல். நான் விழுங்கி முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நில்.

அக்கா