ஆறு படமும் தாத்தா

மார்ச் 4

அன்புள்ள அப்பா,

ஊருக்குப் போய் நான்கு நாளாகிறது, போனை எடுக்கவே மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் கடிதம். அன்று பள்ளி வாசலில், தாமதமாக வந்தீர்கள் என்று உங்களிடம் கத்தியது தப்புதான். உங்கள் பேத்தி வாலு, யாரோ ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டாள் என்றதும் எனக்கு உயிரே இல்லை. அவருக்குக் கண்ணில் புரையாம், தன் பேத்தி என்றே நினைத்தாராம்.

மூன்று வயதில் அம்மா வயது முகங்கள்தான் நன்றாகப் பிடிபடும், வயதானவர்கள் பலருக்கும் ஒரே முகம்தான் என்றார் டீச்சர். நான் நம்பவில்லை. முன்பின் தெரியாத ஆறு பெரியவர்களின் படங்களை அவள் முன்னால் பரப்பினேன். ஆறையும் தொட்டு, "தாத்தா, தாத்தா" என்கிறாள்! பெண்களின் படங்களைக் காட்டியபோது மட்டும் டீச்சரைச் சட்டென்று எடுத்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. நரைத்த தலை யார் கூப்பிட்டாலும் போய்விடுவாளே.

திரும்பி வந்துவிடுங்கள். முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர், ஒருமுறை பார்த்த முகத்தை மறக்காதவர் நீங்கள். அவள் ஏமாந்தாலும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

உங்கள் மகள்


மார்ச் 9

என் கண்ணுக்கு,

கோபமில்லை. பயம்.

அன்று நான் தாமதமாக வரவில்லை. வாசலில்தான் நின்றேன். அந்தப் பெரியவரும் குழந்தையும் என்னை உரசிக்கொண்டு போனார்கள். சமத்துக் குட்டி என்று சிரித்தேன். அது நம் வாலு என்று எனக்குத் தெரியவில்லை.

முந்தின வாரம் வேறொரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு மருந்துக்கடை வரை வந்துவிட்டேன். "நீங்க எங்க தாத்தா இல்லையே" என்று அது சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். டாக்டரிடம் போகப் பயந்துதான் இங்கே ஓடிவந்தேன்.

வாலு வளர்ந்தால் அந்த ஆறு படங்களையும் பிரித்துச் சொல்லிவிடுவாள். எனக்கு இனிமேல் எல்லா முகமும் ஒன்றாகிக்கொண்டே போகும். பிள்ளையை அழைத்துவரப் பள்ளியில் கொடுத்த அட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என்னிடம் பிள்ளையைக் கொடுக்காதே.

அப்பா


மார்ச் 12

அப்பா,

அட்டை வந்தது. சனிக்கிழமை வாலுவோடு வருகிறேன். டாக்டரிடம் சேர்ந்தே போவோம்.

"நம்ம தாத்தா யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவளைக் கேட்டேன். "டிக்கெட் கேப்பாரே, அவருதான்" என்றாள். தினமும் பள்ளி வாசலில் நீங்கள் "டிக்கெட் எங்க?" என்பதும், அவள் உள்ளங்கையை நீட்டுவதும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பெரியவர் கையை நீட்டியதும் போய்விட்டாள்.

சனிக்கிழமை கதவைத் திறந்ததும் நான் யாரென்று நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் டிக்கெட் மட்டும் கேளுங்கள். அதைக் கேட்க மறந்துவிட்டால் அவளுக்கு நீங்கள் ஏழாவது படம், அப்பா.

உங்கள் மகள்