புத்தகத்துக்கு ஏது லிங்க்?

செவ்வாய், இரவு

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. உத்தனப்பள்ளி ஏரியைப் பற்றிய ஆய்வுக்காகக் கிருஷ்ணகிரி நூலகத்துக்குப் பஸ்ஸில் அலைந்து, பழைய புத்தகத்தில் தகவல்களைத் தேடி எடுத்தேன். பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்தால் கைடு கேட்கிறார், "லிங்க் எங்கம்மா?"

"புத்தகத்துக்கு ஏது சார் லிங்க்?"

"அப்புறம் நான் எப்படிச் செக் பண்றது? சுரேஷைப் பாரு, எல்லாத்துக்கும் லிங்க் குடுத்திருக்கான்."

என்னோடு படிக்கும் சுரேஷ் நெட்டைப் பார்த்து, நம் மாவட்டத்து ராயக்கோட்டையையே கர்நாடகாவில் வைத்திருக்கிறான். அதற்குக் கைடின் கையெழுத்தும் விழுந்துவிட்டது.

சாயங்காலம் வீம்புக்கு ஒரு பிளாக் தொடங்கி, புத்தகத்தில் இருந்ததை அப்படியே தட்டிப் போட்டு, லிங்க்கை அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "படிச்சேம்மா. இதான் ஆதாரம்."

பிளாக்கைத் திறந்தவர்கள் எண்ணிக்கை இந்த நிமிஷம்வரை சைபரில்தான் நிற்கிறது.