எந்தத் தெரு?

பங்குனி, வெள்ளிக்கிழமை இரவு

சோறு இறங்கவில்லை. திருத்துறைப்பூண்டியில் ஒரு வேட்பாளரின் தேர்தல் அலுவலகத்தில் எனக்கு வேலை. பழைய சென்சஸ் கணக்கை வைத்து, கூலிக்காரர்கள் எத்தனை, பட்டியல் சாதியினர் எத்தனை என்று தொகுதி வரைபடத்தில் ஊருக்கு ஒரு நிறம் போடுகிறேன். இன்று பொறுப்பாளர் வந்து பார்த்தார்.

"ஊரு தெரியுது. தெரு தெரியலையேம்மா?"

"சென்சஸ்ல தெருவாரியா சாதி தரமாட்டாங்க சார்."

"சரி, நீங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

சாதியை வாய்விட்டுக் கேட்காமல் கேட்கிற கேள்வி இது. இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலனித் தெரு என்றேன்.

சிரித்தார். "அப்ப அந்த ஓட்டு நமக்கில்ல. பிரச்சார வண்டி அங்க போக வேணாம், குறிச்சுக்குங்க."

குறித்தேன். தூ! சோப்புப் போட்டுக் கழுவியும் கை அருவருக்கிறது.

வீட்டுக்கு வந்தால், அம்மா சோறு போட்டுக்கொண்டே சொல்கிறாள்: "யாருக்குப் போடுறதுன்னே இன்னும் முடிவு பண்ணலடி. நம்ம தெருவுக்கு யாரு வந்து கேக்குறாங்கன்னு பாப்போம்."