செல்வி என்று பெயரிட்ட ஃபோல்டர்

இன்று காலை ஆதார் அட்டையை நகல் எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மெஷினிலிருந்து வந்த தாளைக் கையில் வாங்கியதும் சூடான கரிப்பொடி வாசனை மூக்கில் ஏறியது. உன் கடை வாசனை. பாலக்கரையில் உன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். வாசனை வேறு கடையிலிருந்து வந்து பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கவில்லை.

காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கடையில் இருந்த பெண் கூப்பிட்டாள். "சார், நீங்க கம்ப்யூட்டர் வேலதான செய்யறீங்க? இத கொஞ்சம் பாருங்களேன். கல்யாணப் பத்திரிகைக்குப் பழைய ஃபைலு கொண்டாந்து குடுத்தாங்க, தொறந்தா இப்புடி இருக்குது. டெலிட் பண்ணிட்டுப் புதுசா அடிச்சிடட்டா?"

திரையில் தலைக்குத் தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகள், அரை, கால் பின்னங்கள், ஏதேதோ நாட்டு நாணயக் குறிகள். உன்னைப்போல யாரோ ஒருவர் பழைய தமிழ் ஃபாண்டில் அடித்து வைத்தது. "டெலிட் பண்ணாதம்மா!" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எதையும் சேவ் பண்ணாம மூடிடு. மொதல்ல ஒரு காப்பி எடுத்து வை. அப்புறம் என்ன வேணும்னாலும் பண்ணு." அவள் "சரிங்க சார்" என்றாள், பயந்துபோய். ஆதார் அட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்து, பாதி வழியில் நினைவு வந்து திரும்பப் போய் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் இதை அடிக்க உட்கார்ந்துவிட்டேன். யூனிகோடில்தான் அடிக்கிறேன். திட்டுவதானால் திட்டு.

உனக்கு நினைவிருக்கும், பீங்கான் தொழில்நுட்பம் படித்து வெளியே வந்த நாம் இருவருமே ஒரு நாள்கூடச் சூளைப் பக்கம் வேலைக்குப் போகவில்லை. ஊரில் பாதிப் பேர் அகலும் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் செய்துகொண்டிருக்க, நீ கடன் வாங்காமல் அப்பாவின் பழைய சைக்கிள் கடையைக் காலி செய்து டி.டி.பி. சென்டர் போட்டாய். நான் சென்னைக்குப் போய் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். கொரோனாவில் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் ஊருக்கு வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். தினமும் நாலு மணி டீ உன் கடையில்தான். சுட்டதில் வாய் கோணிப்போன ஒரு ஜாடியில் பேனாக்களைப் போட்டு வைத்திருப்பாய். கேட்கிற வாடிக்கையாளரிடமெல்லாம் "நான் டிப்ளமா படிச்சப்ப செஞ்சது, இதப் பாத்துட்டுதான் யாரும் வேல குடுக்கல" என்பாய்.

நமக்குள் நடந்த ஒரே சண்டை ஃபாண்டுச் சண்டை. உலகமே யூனிகோடுக்கு மாறிய பிறகும் நீ இருபது வருடப் பழைய ஃபாண்டைக் கட்டிக்கொண்டு அழுதாய். விரல் பழகிவிட்டது, பத்திரிகைக்கு அந்த எழுத்துதான் அழகு, எல்லாம் சரி. ஆனால் நான் எத்தனை தடவை சொன்னேன். ஃபைலுக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது, எண்கள்தான் இருக்கின்றன. இந்த எண்ணுக்கு 'அ', அந்த எண்ணுக்கு 'க' என்று ஒரு அட்டவணை சொல்லும். உன் ஃபாண்டின் அட்டவணை ஒன்று, உலகத்தின் யூனிகோடு அட்டவணை வேறு. உன் ஃபைலை இன்னொருவன் திறந்தால் அவனுக்குக் குப்பைதான் தெரியும்.

"கண்ணுக்கு எழுத்து தெரியுதில்ல? அப்புறம் உள்ள என்னா நம்பரு இருந்தா எனக்கென்னடா?" என்பாய்.

குப்பையாகத் தெரிகிற ஃபைலோடு யாராவது உன் கடைக்கு வந்தால் என்னிடம் தள்ளிவிடுவாய். நான் பெரிய வைத்தியன் மாதிரி சொல்வேன்: "அழிஞ்சு போகலைங்க. அட்டவணை மாறிப் போயிருக்குது, அவ்வளவுதான்." சரியான அட்டவணையைப் பொருத்தியதும் குப்பை மறைந்து மணமகன் பெயரும் முகூர்த்த நேரமும் வரும். அவர்கள் கும்பிடாத குறையாகப் போவார்கள். நீ கல்லாவில் இருந்து கண்ணடிப்பாய். எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது.

அடுத்து வந்ததை நான் மென்று விழுங்கப் போவதில்லை. கம்மாபுரம் பக்கம் உன் மாமனார் வீடு நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கிற நிலத்தில் இருந்தது. கிழவர் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். செல்வியும் அவர் பக்கம். அவளுடைய அண்ணன்கள் இருவரும் ஒரு நாள் உன் கடைக்கு வந்து சம்மதக் கடிதம் அடித்துத் தரச் சொன்னார்கள். நீ அடித்துக் கொடுத்தாய். கிழவரிடம் எப்படியோ கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வீட்டை இடிக்கும்போதுதான் செல்விக்குத் தெரிந்தது, அந்தக் கடிதத்தை அடித்தது தன் புருஷன் என்று. அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி.

"ஊருக்கே மனு அடிச்சுக் குடுக்கறவரு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்று உன்னிடம் கேட்டாளாம். அதற்கு நீ ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அன்றோடு உன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பதினோரு மாதம். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். "உங்கப்பாவ சாப்புட வரச் சொல்லு பாப்பா" என்பதுதான் உனக்குக் கிடைத்த அதிகபட்ச வார்த்தை.

ஒரு நாள் டீ குடிக்கும்போது நீயாகச் சொன்னாய். "அவ காதே குடுக்க மாட்டேங்கறா. நேர்ல நின்னா எனக்கும் வாய் வரல. அதான் தெனமும் மதியத்துல அவளுக்குச் சொல்ல வேண்டியத அடிச்சு வெக்கிறேன். ஒரு நாளு பிரிண்டு போட்டுக் குடுத்துடுவேன்."

அப்போது நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? என்னடா எழுதியிருக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். ஏன்டா அந்தக் கடிதத்தை அடித்தாய் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்டது, "எந்த ஃபாண்டுல?" நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். பேச்சு அதோடு நகர்ந்துவிட்டது. இப்போது நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆடி மாதத்தில் ஒரு மதியம் கடை நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை என்றார்கள். நீ அடித்து வைத்தது எதுவும் பிரிண்டாகியிருக்கவில்லை.

பிறகு ஒரு மாதம் கழித்து கடையைக் காலி செய்தார்கள். நீ போன பிறகு கரண்டு ஏறி இறங்கியதில் உன் கம்ப்யூட்டர் புகைந்து போயிருந்தது. ரிப்பேர் செய்ய வந்தவர் ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று செல்விக்குக் காட்டியிருக்கிறார். பத்திரிகை, மனு, போஸ்டர் என்று ஃபோல்டர்கள். நடுவில் 'செல்வி' என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர். அதற்குள் இருநூறுக்கு மேல் ஃபைல்கள்.

அந்த ஹார்டு டிஸ்கைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். உன் மகளைக்கூட அழைத்து வரவில்லை. "அண்ணே, ரிப்பேர்க்காரரு தொறந்து பாத்தாரு, ஒண்ணும் புரியலன்னுட்டாரு. உங்களால முடியும்னு அவுரு எப்பவும் சொல்லுவாரு. அவுரு எனக்கு என்னா எழுதி வெச்சிருக்காருன்னு மட்டும் எடுத்துக் குடுங்க. வேற எதுவும் வேணாம்."

ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தேன். குப்பை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குப்பை தெரிகிறது என்றால் எண்கள் பத்திரமாக இருக்கின்றன என்று பொருள். உன் ஃபாண்டின் அட்டவணை எனக்குத் தெரியும். "ஒண்ணும் அழிஞ்சு போகலம்மா, அரை மணி நேரம் இரு, செல்போன்லயே படிச்சுக்கலாம்" என்றேன். அவள் முகத்தில் அப்போது வந்ததை நான் பார்த்தேன். அதை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பைத்தான் என்கிற நிரல்மொழியில் இருபது வரி எழுதினேன். ஃபோல்டரில் இருக்கிற ஃபைல்களை ஒவ்வொன்றாகப் படி, மாற்று, அதே பெயரில் திரும்ப எழுது. உன் அட்டவணையைப் பொருத்தும் வரியை இன்னும் எழுதவில்லை, முதலில் படிக்க வருகிறதா பார்க்கலாம் என்று ஓட்டினேன். முதல் ஃபைலில் தேதியைத் தாண்டியதுமே நின்றுவிட்டது. நான் யூனிகோடை எதிர்பார்க்கிறேன், இது வேறு ஏதோ, இந்த எண்ணை என்னால் படிக்க முடியாது என்று சிவப்பில் சொன்னது. மொழி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரி தொடக் கூடாது என்று கையைப் பிடித்தது.

"என்னாண்ணே, செவப்பா வருது? கெட்டுப் போச்சா?" என்றாள் செல்வி, எட்டிப் பார்த்து.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அவள் முன்னால் என் நிரல் நின்றுபோனது. பிழை வந்தால் 'இக்னோர்' செய், கண்டுகொள்ளாமல் மேலே போ என்று ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். சிவப்பு வரவில்லை. ஒரு நொடிகூட ஆகவில்லை.

உன் ஃபாண்டில் தமிழ் முழுக்க அந்தப் படிக்க முடியாத எண்களில்தான் இருந்தது. என் நிரல் அவை எல்லாவற்றையும் கண்டுகொள்ளாமல் விட்டு, மிஞ்சியதை அதே பெயரில், அதே இடத்தில், அசலின் மேலேயே எழுதிவிட்டது. எழுது என்ற வரி கீழே இருந்தது. நான்தான் அடித்தேன். காப்பி எடுத்துவிட்டுத் தொட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், உன் இருநூறு நாட்களைக் காப்பி எடுக்காமல் தொட்டேன். ஃபைல்களின் அளவைப் பார்த்தேன். பக்கம் பக்கமாக இருந்தவை சில வரிகளுக்குச் சுருங்கியிருந்தன.

நான் அவளிடம் பொய் சொன்னேன். டிஸ்க் பழசு, மெதுவாகத்தான் வரும், நாலு நாள் ஆகும் என்றேன். மீட்டெடுக்கிற மென்பொருள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். சென்னையில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். அந்த ஆள் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, "மேலயே எழுதிட்டீங்களே சார்" என்று திருப்பிக் கொடுத்தான். நான் திறந்து பார்த்த அந்த ஒரு ஃபைலின் குப்பை வரிகளாவது நினைவுக்கு வருமா என்று நாள்கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். தொப்பி போட்ட 'ஏ' ஒன்று, பிறகு ஒரு பின்னம். அதற்கு மேல் வரவில்லை. வீட்டில் யாருடனும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. நீ இறந்ததற்கு அழுததைவிட இதற்கு அதிகம் அழுதேன், அதையும் உன்னிடம்தான் சொல்ல முடியும்.

மூன்று வாரம் கழித்து செல்வி மறுபடி வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அட்டவணை, எண், இக்னோர் என்று சுற்றி வளைக்காமல், "நான் அழிச்சிட்டேம்மா" என்றேன். அவள் திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"எதுவுமே இல்லியாண்ணே?" என்றாள்.

"மிச்சம் இருக்குது. ஆனா படிக்கறாப்பல இல்ல."

"இருக்கறதக் குடுங்க."

கடைசித் தேதி போட்ட ஃபைலைத் தாளில் எடுத்துக் கொடுத்தேன். இலக்கங்களும் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் மட்டும் எல்லா அட்டவணையிலும் ஒரே இடத்தில் இருப்பதால் அவை தப்பித்திருந்தன. மேலே தேதி. அதன் கீழே பெரிய வெள்ளை இடம், அங்கங்கே கமா, முற்றுப்புள்ளி. ஒரு இடத்தில் ஈ.பி. என்று ஆங்கில எழுத்து, கரண்டு பில் பற்றி ஏதோ. அடியில், கடைசி நாலு வரியில், வரிக்கு ஒன்றாக நாலு கேள்விக்குறிகள். அதற்குப் பிறகு நீ ஒன்றும் அடிக்கவில்லை.

செல்வி தாளை மடியில் வைத்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "இது கேள்வி கேக்கறப்ப போடறதுதான?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப நாலு கேட்டிருக்காரு" என்றாள். பதினோரு மாதம் அவள் உன் பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை. இப்போது நீ என்ன கேட்டாய் என்பதை நான் இல்லாமல் செய்துவிட்டேன். இதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, இரண்டு பேருக்கும் தெரியும்.

தாளை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள். போன வாரம் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன். உடம்பு இளைத்திருந்தது. பாப்பா படிப்பைப் பற்றிக் கேட்டேன், சொன்னாள். கிளம்பும்போது நின்று, கூட்டத்துக்கு நடுவில், சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க அவுரோட தெனமும் பேசினவுங்க. அவுரு கேட்ட நாலுக்கும் நான் ஆமான்னு சொல்லணுமா, இல்லன்னு சொல்லணுமா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. அவுரு படத்துக்கு முன்னாடி நின்னு சொல்லிட்டு வுட்டுடறேன்."

எனக்குத் தெரியவில்லை என்றேன்.